வினாவும் வழியும்: தரவுத்தள வினவல் வரலாற்றில் ஒரு பகுதி

ஏட்டில் எழுதிவைத்த செய்தியை வேண்டியபோது எடுத்தல் எளிதென்று எண்ணுவோர், பாடசாலையொன்றின் வரவுப் பதிவேட்டையும் நூலகப் பேரேட்டையும் ஒருங்கே வைத்து ஒரு வினாவுக்கு விடை தேடிப் பார்த்தல் வேண்டும். செய்தி ஈரிடத்தும் உண்டு. இரண்டையும் இணைக்கும் வழியே தேடற்பாலது. கணினித் தரவுத்தளங்களுக்கும் இடர் இஃதே. அவ்வழியைக் காணும் பொறுப்பு வினவுவோனுடையதா, பொறியினுடையதா என்னும் வழக்கே ஈண்டு ஆராயப்படுவது.

1960களின் முற்பகுதியில், அமெரிக்க ஜெனரல் எலெக்ரிக் நிறுவனத்திற் பணியாற்றிய சாள்ஸ் பக்மன் ஐ.டி.எஸ். என்னும் முறைமையை அமைத்தார். அதிலே பதிவுகள் சங்கிலிபோற் பிணைக்கப்பட்டிருந்தன. நிரல் எழுதுவோன் அச்சங்கிலியைப் பற்றிப் பதிவு பதிவாகச் செல்லல் வேண்டும். 1973இல் ரூறிங் விருது பெற்றபோது ஆற்றிய உரையில் அவர் நிரலரை மாலுமியோடு ஒப்பிட்டார். ஒப்புமை அழகியதே, ஆயின் கரையில் நிற்பவனுக்குக் கப்பலோட்டத் தெரியாதே!

1970இல், ஐ.பி.எம். நிறுவனத்தின் சான் ஹொசே ஆய்வுகூடத்தைச் சேர்ந்த எட்கார் கொட் என்னும் ஆங்கிலேயர் தரவையெல்லாம் அட்டவணைகளாகக் கருதும் தொடர்புசார் மாதிரியுருவை வெளியிட்டார். எங்ஙனம் தேடுவது என்பதை விடுத்து, எது வேண்டும் என்பதை மட்டுங் கூறினால் அமையும் என்பது அதன் உட்கிடை. 1974இல் சேம்பர்லினும் பொயிஸும் அறிமுகஞ் செய்த சீக்குவெல் மொழியே பின்னர் எஸ்.கியூ.எல். ஆயிற்று. எனினும் எந்த அட்டவணையை எதனோடு எந்த நிரலால் இணைப்பது என்பதை வினவுவோனே கூறவேண்டியிருந்தது. கடல் மாறிற்றேயன்றிக் கப்பலோட்டும் வேலை முற்றாக ஒழியவில்லை.

1976இல் பீற்றர் சென் பொருள்களையும் அவற்றிடையேயுள்ள உறவுகளையும் பெட்டிகளாலும் சாய்சதுரங்களாலும் வரைந்து காட்டும் எண்ணக்கரு மாதிரியுருவை வெளியிட்டார். மாணவன் நூலை 'இரவல் பெறுகிறான்' என்னும் உறவு அப்படத்தில் உலகியற் பொருளோடு நிற்கிறது. அட்டவணையிலோ அது இரு எண்களாகச் சுருங்கிவிடுகிறது. தரவுத்தளத்தை அமைக்கும்வரை படத்தைப் போற்றி, அமைத்தபின் மூலையில் இட்டோர் பலர். இது பெரும் இழப்பென்பது என் துணிபு. வினவலைப் பொறியே இயற்றுதற்கு வேண்டிய அறிவு அப்படத்திலேதான் உளது.

ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்து ஜெப்ரி உல்மன் முதலியோர் வேறொரு வழி முயன்றனர். தரவனைத்தும் ஒரே பேரட்டவணையில் உள்ளதுபோல் வினவுவோன் கேட்க, இணைப்புகளைப் பொறியே காணும் என்பது அவர்தம் கொள்கை. 1981இல் வில்லியம் கென்ற் அதனைக் கடிந்தெழுதினார். இடர் யாதெனின், ஒரு வினாவுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் இருத்தல் கூடும். 'இம்மாணவனின் ஆசிரியர் யார்?' எனின் வகுப்பாசிரியரா, பாட ஆசிரியரா? பெயர்களை மட்டும் அறிந்த பொறி இதனை எங்ஙனம் அறியும்? 1996இல் புளோஷ், ஹல்பின் ஆகியோர் விளக்கிய கொன்குவர் மொழியிலோ, வினவுவோன் எண்ணக்கரு மாதிரியுருவின் உறவுகளைப் பெயர்சொல்லித் தொடர்ந்து செல்வான், எஸ்.கியூ.எல். வாக்கியத்தைப் பொறி இயற்றும். வழியின் பொருள் மனிதனிடத்தும் அதன் நுணுக்கம் பொறியிடத்தும் அமைந்த இப்பங்கீடு போற்றத்தக்கது.

பிழையான இணைப்பு பிழையென்று தன்னை அறிவிப்பதில்லை. ஒரு மாணவன் தலா 500 ரூபாவாக இருமுறை உதவிப்பணம் பெற்றான். மூன்று நூல்களை இரவல் வாங்கினான். மூன்று அட்டவணைகளையும் ஒருங்கிணைத்து உதவிப்பணத்தைக் கூட்டின், ஆறு வரிகள் தோன்றி 1,000 ரூபா 3,000 ஆகிவிடும். கணினி தயங்காது, எச்சரிக்கையும் செய்யாது. உதவியும் இரவலும் ஒன்றுக்கொன்று தொடர்பற்ற இரு கிளைகள் என்று மாதிரியுருவிற் பதிந்திருப்பின், வினவலை இயற்றும் கருவி ஒவ்வொன்றையும் தனித்தனியே கூட்டிப் பின்னரே இணைக்கும்.

2018இல் யேல் பல்கலைக்கழகத்தார் தலைமையில் வெளியான ஸ்பைடர் என்னும் தொகுப்பு, 200 தரவுத்தளங்கள் மீதான 10,181 ஆங்கில வினாக்களை வினவல்களோடு தந்தது. இன்று பெருமொழி மாதிரியுருக்கள் வாய்ச்சொல்லையே வினவலாக்குகின்றன. ஆயினும் அட்டவணைப் பெயர்களை மட்டுங் கொடுத்தால் அவையும் வழியை ஊகிக்கவே வேண்டும். மேற்கூறிய 3,000 ரூபா அவற்றின் விடையிலும் தோன்றலாம்.