வீசப்பட்ட இரும்பும் வேகமும்
கலிபோர்னியாவின் 'ஹொட் றொட்' வண்டிகள் பற்றிய ஒரு சமூக வரலாற்று நோக்கு

கைத்தொழில் நாகரிகத்தின் வரலாறு பெரும்பாலும் புதியன கண்டோரின் வரலாறாகவும் தொழிற்சாலை அதிபர்களின் வரலாறாகவுமே எழுதப்பட்டு வந்துள்ளது. ஒரு பொருள் தொழிற்சாலையின் வாயிலைக் கடந்ததும் அதன் வரலாறும் முடிந்துவிடுவதாகக் கொள்ளப்படுகின்றது. ஆயின், பொருளின் வாழ்வு அங்கு முடிவதில்லை. அது கைமாறுகின்றது, பழுதடைகின்றது, ஈற்றில் கழிவாக வீசப்படுகின்றது. வீசப்பட்டதை எடுத்து வேறொன்றாக ஆக்கும் கைகளுக்கும் வரலாறு உண்டு. 20 ஆம் நூற்றாண்டின் முற்பாதியில், தென் கலிபோர்னியாவின் இளைஞர்கள் பழைய கார்களின் உதிரிகளைக் கொண்டு தம் வீட்டு வளவுகளிலே கட்டிய பந்தய வண்டிகள் இதற்குத் தக்க சான்றாகும். 'ஹொட் றொட்' என்னும் பெயர் இரண்டாம் உலகப்போர் முடிவுறும் காலத்திலேயே பரவலாக வழக்குக்கு வந்தது. வண்டிகளோ அப்பெயருக்கு மூத்தவை.

இவ்வரலாற்றின் தோற்றுவாய் கலிபோர்னியாவில் அன்று, மிச்சிகன் மாநிலத்தில் உள்ளது. 1908 இல் ஹென்றி போர்ட்டின் நிறுவனம் 'மொடல் ரி' என்னும் காரைச் சந்தைக்குக் கொணர்ந்தது. 1913 இல் ஹைலன்ட் பார்க் தொழிற்சாலையில் நகரும் பொருத்துவரிசை நடைமுறைக்கு வந்தது. ஒரு வண்டியின் அடிச்சட்டத்தைப் பொருத்தி முடிப்பதற்கு முன்னர் ஏறத்தாழ 12½ மணித்தியாலம் சென்றது. 1914 அளவில் அது 93 நிமிடமாகக் குறைந்தது. தொடக்கத்தில் 850 டொலர் வரை விற்ற வண்டியின் ஆகக் குறைந்த விலை 1920களின் நடுப்பகுதியில் 260 டொலராக வீழ்ந்தது. 1927 இல் உற்பத்தி நிறுத்தப்பட்ட வேளை 1 கோடியே 50 இலட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகள் வெளிவந்திருந்தன.

இப்பெருக்கத்திற்கு உழைப்பாளி கொடுத்த விலை சிறிதன்று. முன்னர் முழு வண்டியையும் அறிந்திருந்த கைவினைஞனின் இடத்தில், நாள் முழுவதும் ஒரே ஆணியை ஒரே முறையில் முறுக்கும் தொழிலாளி நிறுத்தப்பட்டான். சலிப்புற்றோர் கூட்டங்கூட்டமாக வேலையைவிட்டு நீங்கினர். 1914 இல் நாளொன்றுக்கு 5 டொலர் என்னும் ஊதியம் அறிவிக்கப்பட்டமைக்கு அவர்களைத் தடுத்து வைக்கும் தேவையும் ஒரு காரணமாகும். எனினும், கைத்திறனைத் தேவையற்றதாக்கிய அம்முறையிலேயே அதற்கு நேர்மாறான ஒரு விளைவும் கருக்கொண்டிருந்தது. ஒரு வண்டியின் அச்சு மற்றொரு வண்டிக்கும் பொருந்தியது. ஒன்றின் கியர் மற்றொன்றினுள்ளும் அமர்ந்தது. தொழிலதிபரின் இலாபத்துக்காக வகுக்கப்பட்ட இவ்வொருமைப்பாடே, பழைய இரும்புக் குவியலிலிருந்து ஒரு புதிய வண்டியைத் திரட்டிக்கொள்ளும் வல்லமையைக் கையில் பணமில்லாத இளைஞனுக்கு வழங்கியது.

மொடல் ரி வண்டியின் எஞ்சின் 20 பரிவலுவையே தந்தது. ஆயினும் வண்டியின் எடை ஏறத்தாழ 1,200 இறாத்தல் மாத்திரமே. கூரை, மட்காப்பு, பின்னிருக்கை ஆகியவற்றைக் கழற்றியதும் எடை மேலும் குறைந்தது. அதே எஞ்சின் கூடிய வேகத்தைத் தந்தது. அவ்வெஞ்சினுக்கென 'ரஜோ', 'பிரண்டெனாக்' முதலிய பெயர்களில் மேம்பட்ட சிலிண்டர் தலைகளும் விற்பனைக்கு வந்தன. பிரண்டெனாக் தலை பூண்ட போர்ட் வண்டியொன்று 1923 ஆம் ஆண்டின் இண்டியானாபொலிஸ் 500 மைற் பந்தயத்தில் 5 ஆம் இடத்தைப் பெற்றமை, எளியவரின் வண்டியும் செல்வர் வண்டிகளோடு போட்டியிடலாம் என்பதை மெய்ப்பித்தது.

1929 இல் தொடங்கிய பொருளாதார மந்தம் இவ்வழக்கத்தை ஒடுக்கவில்லை, வளர்த்தது. புதிய கார் வாங்க வகையற்றோர் பெருகினர். பழைய கார்க் கொட்டில்கள் நிரம்பின. லொஸ் ஏஞ்சலிஸ் நகரிலே மழையும் உறைபனியும் குறைவாதலால், இரும்பு விரைவில் துருப்பிடிக்கவில்லை. ஆண்டு முழுவதும் திறந்தவெளியில் வேலை செய்யவும் இயன்றது. பாடசாலைப் பட்டறைகளிற் கற்ற தொழிலும், பிற்காலத்தில் அந்நகரின் விமானத் தொழிற்சாலைகளிற் பெற்ற பயிற்சியும் இளைஞர்க்குக் கைகொடுத்தன.

1932 இல் போர்ட் நிறுவனம் எட்டு சிலிண்டர் கொண்ட 'வி8' எஞ்சினைக் குறைந்த விலைக் காரிற் பொருத்தி வெளியிட்டது. 3.6 லீற்றர் கொள்ளளவும் 65 பரிவலுவும் உடைய இவ்வெஞ்சின், விபத்துற்ற வண்டிகளின் வழியாகச் சில ஆண்டுகளிலேயே பழைய இரும்புக் கடைகளை வந்தடைந்தது. அதனை எடுத்து, அதனினும் பழைய, எடை குறைந்த உடலமைப்பினுள் இருத்துவதே வழமையாயிற்று. சிலிண்டர் தலையின் அடிப்பரப்பைச் சீவி எரியறையைச் சுருக்கினால் அமுக்க விகிதம் உயர்ந்தது. ஒரு காபரேற்றருக்குப் பதில் இரண்டு பூட்டினால் எரிபொருட்கலவை தாராளமாகச் சென்றது. வால்வுகளைத் திறக்கும் தண்டை வேறு வடிவிற் கடைந்தால் எஞ்சின் உயர் வேகத்தில் நன்கு மூச்செடுத்தது. ஆயின், சூடான கழிவுவாயு சிலிண்டர்த் தொகுதியின் ஊடாகவே வெளியேறியமையால் இவ்வெஞ்சின் எளிதிற் கொதித்தது. வலுவைக் கூட்டியவன் வெப்பத்தோடும் போராட வேண்டியிருந்தது.

வேகம் கூடியபோது நிறுத்தும் ஆற்றலும் கூடவேண்டும். பழைய போர்ட் வண்டிகளின் பிறேக்குகள் கம்பிகளாலும் தண்டுகளாலும் இயங்கியவை. 1939 ஆம் ஆண்டு மொடலிலேயே அந்நிறுவனம் திரவ அமுக்கத்தால் இயங்கும் பிறேக்கைப் புகுத்தியது. அதன் பின்னர், அறிவுடையோர் புதிய வண்டியின் சிதைவிலிருந்து பிறேக்கைக் கழற்றிப் பழைய அச்சிலே பூட்டினர். பொருந்துவனவற்றைத் தெரிந்தெடுக்கும் இவ்வறிவு நூல்களில் எழுதப்பட்டிருக்கவில்லை. அது கராஜுகளில் வாய்மொழியாக வழங்கியது; தவறிக் கற்றோரால் திருத்தப்பட்டது.

கட்டிய வண்டியை ஓட்டிப் பார்க்க மொஹாவி பாலைவனத்தின் வறண்ட ஏரிகள் இடந்தந்தன. மூறொக் ஏரித்தரை பல மைல் தூரம் மேசைபோல் விரிந்து கிடந்தது. தொடக்கத்திற் பல வண்டிகள் ஒருங்கே ஓடின; முன் செல்லும் வண்டி எழுப்பிய புழுதியிற் பின்வருவோனுக்குக் கண் தெரியாமையால் மோதல்கள் நேர்ந்தன. ஒழுங்கின் தேவையை இளைஞர்கள் இவ்வாறு இரத்தம் சிந்தியே உணர்ந்தனர். 1937 இல் பல கழகங்கள் ஒன்றுகூடித் தென் கலிபோர்னிய வேகக் கணிப்புச் சங்கத்தை நிறுவின. வண்டிகளைச் சோதித்தல், வகைப்படுத்தல், நேரங்கணித்தல் ஆகியன முறைமைப்படுத்தப்பட்டன. பின்னர் மூறொக் இராணுவத்தின் வசமாயிற்று. பந்தயங்கள் எல் மிராஜ் முதலிய ஏரிகளுக்குப் பெயர்ந்தன. ஒலியின் வேகத்தை விஞ்சிய முதல் விமானப் பறப்பு 1947 இல் நிகழ்ந்ததும் அதே மூறொக் தளத்தை மையமாகக் கொண்டே என்பது நோக்கத்தக்கது.

போர் இவ்விளைஞரைச் சிதறடித்தது. ஏரிகளில் வண்டியோட்டிய வீடா ஓர் என்னும் பெண்மணி, போர்முனைகளுக்குச் சென்ற ஓட்டுநர்களுக்குச் சங்கத்தின் செய்தித்தாளைத் தொடர்ந்து அனுப்பி அத்தொடர்பைக் காத்தார். போர் முடிந்ததும் அதன் கழிவுகளும் கொல்லைப்புறங்களை வந்தடைந்தன. போர் விமானங்களின் அடியிற் பூட்டப்பட்ட மேலதிக எரிபொருட்டாங்கிகள் நீர்த்துளியின் வடிவின. காற்றை எளிதிற் கிழிப்பவை. பில் பேர்க் என்பவர் 1946 இல் அத்தகைய தாங்கியொன்றை வண்டியின் உடலாக்கி, மணிக்கு 130 மைல் அளவிலான வேகத்தை எய்தினார். அவ்வகையைச் சேர்ந்த அலெக்ஸ் சிடியாஸின் தாங்கி வண்டி 1952 இல் யூட்டா மாநிலத்துப் பொன்னவில் உப்புவெளியில் 198 மைல் வேகத்தைத் தொட்டது. கொலைத்தொழிலுக்கென ஆக்கப்பட்ட பாத்திரம் விளையாட்டுக் கருவியாயிற்று.

ஆயினும், ஏரிகளுக்குச் செல்லாதோர் தெருக்களிலேயே போட்டியிட்டனர். உயிர்கள் மாண்டன. செய்தித்தாள்கள் 'ஹொட் றொட்' என்னும் சொல்லையே குற்றத்தின் பெயராக்கின. இக்கண்டனத்திற் பொய்யுமுண்டு, மெய்யுமுண்டு. கண்டனத்துக்கு விடையிறுப்பது போல 1948 ஜனவரியில் 'ஹொட் றொட்' சஞ்சிகை வெளிவந்தது. 1950 இல் சான்ரா ஆனா விமானத்தளத்தில் முறையான நேர்வழிப் பந்தயங்கள் தொடங்கின. 1951 இல் வொலி பார்க்ஸ் தேசிய ஹொட் றொட் சங்கத்தை அமைத்தார். 1953 இல் பொமோனாவில் காவற்றுறையினரின் ஒத்துழைப்போடு அச்சங்கத்தின் முதற் பந்தயம் நடைபெற்றது. தெருவிலிருந்து ஓடுதளத்துக்கு இளைஞரை அழைத்தமை பல உயிர்களைக் காக்கும் முயற்சியாயிற்று.

எனினும், அவ்வெற்றியிலேயே ஓர் இழப்பும் அடங்கியிருந்தது. வேகத்துக்கான உதிரிகள் தனியொரு கைத்தொழிலாயின. 1955 இல் செவ்ரொலே நிறுவனத்தின் புதிய வி8 எஞ்சின் 162 பரிவலுவுடன் வெளிவந்தது; மாதக்கணக்கில் உழைத்து ஈட்டிய வலுவைக் கடையிலேயே வாங்க முடிந்தது. பழைய உடல்கள் அரிதாக, கண்ணாடி நாரினாலும் பின்னர் புதிய உருக்குத் தகட்டினாலும் அவற்றின் போலிகள் வார்க்கப்பட்டன. வறியவன் வண்டியாகப் பிறந்தது செல்வரின் சேகரிப்பாக மாறியது. 1932 ஆம் ஆண்டின் போர்ட் வண்டியைப் புதிய உதிரிகளைக் கொண்டே முழுமையாகக் கட்டலாம் என்னும் நிலை இன்று உண்டு.

இந்நிலையிலும் துருவேறிய அடிச்சட்டத்தைத் தேடியெடுத்து, பழைய பாணியிலே பந்தய வண்டியை வீட்டிற் கட்டுவோர் பல நாடுகளிலும் உளர். அதனைப் பழைமை மீதான ஏக்கம் என மாத்திரம் கொள்வது பொருந்தாது. பொருத்துவரிசை உழைப்பாளியிடமிருந்து பறித்தது ஊதியத்தையன்று. ஒரு பொருளை முதலிலிருந்து முடிவுவரை அறிந்து ஆக்கும் உரிமையையே. அவ்வுரிமையை அதே உற்பத்தி முறையின் கழிவுகளிலிருந்து இளைஞர் சிலர் மீட்டெடுத்தனர். அவர்கள் எய்திய வேகங்கள் பின்னர் முறியடிக்கப்பட்டன. தன் கையால் ஆக்கியதைத் தானே இயக்கும் மனிதனின் நிறைவு அவ்வாறு முறியடிக்கப்படத்தக்கதன்று. தொழினுட்ப வரலாற்றை எழுதுவோர் தொழிற்சாலை வாயிலோடு நின்றுவிடாது, பழைய இரும்புக் கடையின் வாயிலையும் எட்டிப் பார்த்தல் வேண்டும்.