நீர்வண்ண ஓவியத்தின் இழைநயமும் தாளின் பங்கும்: டர்னர், டேவிட் காக்ஸ் ஆகியோரை முன்வைத்து

முன்னுரை

பாறையின் சொரசொரப்பு, அலையின் நுரை, மூடுபனியின் மென்மை முதலியவற்றைத் தொட்டுணர்வதுபோல் கண்ணுக்குத் தோன்றச் செய்யும் மேற்பரப்புத் தன்மையை இழைநயம் எனலாம். எண்ணெய் வண்ணம்போல் தடித்துப் படியாத நீர்வண்ணத்தில் இது எவ்வாறு உருவாகிறது என்னும் வினாவுக்கு ஓவியரின் கைத்திறனே பொதுவாக விடையாகக் கூறப்படுகிறது. அக்கைத்திறனுக்கு இடந்தந்த தாளையும் சேர்த்து நோக்கினாலன்றி அவ்விடை நிறைவுறாது என்பதை, 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இங்கிலாந்தில் இயங்கிய இரு ஓவியர்களின் வழி இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

தாளும் ஊன்பசையும்

பழைய ஐரோப்பியத் தாள், இணைகோடுகளாக அமைந்த கம்பிச் சல்லடையில் வார்க்கப்பட்டது. அக்கம்பிகளின் வரித்தடம் தாளில் பதிந்து, வண்ணம் சீராகப் பரவுவதற்கு இடையூறாயிற்று. 1750களில் கென்ட் பகுதியின் மெய்ட்ஸ்டோன் நகரில் ஆலை நடத்திய ஜேம்ஸ் வாட்மன், துணிபோல் நெய்யப்பட்ட நுண்கம்பி வலையில் தாள் வார்த்தார். 1757இல் பாஸ்கர்வில் அச்சிட்ட வெர்ஜில் நூலில் இவ்வகைத் தாள் இடம்பெற்றது. பின்னர் இது ஓவியர்களின் விருப்பத் தாளாயிற்று.

கந்தல் லினன் துணியின் நீண்ட இழைகளால் ஆன இத்தாள், விலங்குத் தோலைக் காய்ச்சி எடுத்த ஊன்பசையில் தோய்த்து உலர்த்தப்பட்டது. இதனால் இரு பயன்கள் விளைந்தன. வண்ணம் உடனே உறிஞ்சப்படாமல் மேற்பரப்பில் தங்கியமையால், அதனை ஈரத் தூரிகையால் மீண்டும் எடுக்க முடிந்தது. தாள் உறுதி பெற்றமையால், கத்தியால் சுரண்டினாலும் எளிதில் நைந்துபோகவில்லை. நீர்வண்ணத்தில் வெண்மை என்பது பெரும்பாலும் தாளின் வெண்மையே ஆதலால், சுரண்டுதல் இழந்த ஒளியை மீட்கும் வழியாயிற்று.

டர்னரின் சுரண்டல் முறை

ஜே. எம். டபிள்யூ. டர்னர் (1775–1851) வாட்மன் தாள்களை மிகுதியும் பயன்படுத்தியவர். 1818இல் யார்க்‌ஷயரின் ஃபார்ன்லி மாளிகையில், சரக்கேற்றும் போர்க்கப்பலொன்றை அவர் ஒரே காலைப்பொழுதில் வரைந்தார். அதனை உடனிருந்து கண்டவர் அவ்வீட்டின் மூத்த மகன். தாள் ஊறும்வரை வண்ணத்தை ஊற்றி, வெறிகொண்டவர்போல் கீறியும் தேய்த்தும் டர்னர் வேலை செய்ததாகவும், அக்குழப்பத்திலிருந்து கப்பல் மெல்ல உருப்பெற்றதாகவும் குடும்பத்தார் வழிவந்த நினைவுக்குறிப்பு கூறுகிறது. இந்நிகழ்ச்சி மேதைமைக்குச் சான்றாகவே எடுத்துக்காட்டப்படுகிறது. ஆயின் ஊன்பசையற்ற மென்தாளில் இதே செயல் கூழையே விளைவித்திருக்கும். ஆகவே இது தாளின் உறுதிக்கும் சான்றாகும்.

காக்ஸின் பொதிதாள்

டேவிட் காக்ஸ் (1783–1859) வேறொரு திசையில் சென்றார். 1836இல் ஸ்காட்லாந்தில் ஆக்கப்பட்ட முரட்டுப் பொதிதாள் ஒன்று அவர் கைக்குக் கிடைத்தது. வணிகப் பொருள்களைச் சுற்றுவதற்கென ஆக்கப்பட்ட அத்தாளில் தூரிகையை விரைந்து இழுத்தபோது, வண்ணம் மேடுகளில் பற்றிப் பள்ளங்களில் விடுபட்டது. காற்றும் மழையும் அலைக்கும் வெளிகளை வரைய இது பெரிதும் துணைசெய்தது. கூழில் கலந்திருந்த கரும்புள்ளிகள் வானப்பகுதியில் தென்பட்டால் என்செய்வீர் என்று வினவப்பட்டபோது, அவற்றுக்குச் சிறகு வரைந்து பறவைகளாக்கிவிடுவதாக அவர் கூறினார் என்பர். தாளின் குறையே இங்கு ஓவியத்தின் கூறாயிற்று. பிற்காலத்தில் இத்தகைய தாள் அவர் பெயராலேயே விற்கப்பட்டது. அதனை முதலில் ஆக்கிய தொழிலாளர் பெயரின்றி மறைந்தனர்.

முடிவுரை

டர்னர் தாளின் உறுதியையும், காக்ஸ் அதன் முரட்டுத்தன்மையையும் பயன்கொண்டனர். இருவரிடத்தும் இழைநயம் கைக்கும் தாளுக்கும் இடையே நிகழ்ந்த உறவின் விளைவாகும். கந்தலைத் தரம்பிரித்த பெண்கள், கூழை வார்த்தோர், பசையில் தோய்த்தோர் ஆகியோரின் உழைப்பு அவ்வுறவினுள் அடங்கியுள்ளது. சாய்வொளியில் தெரியும் கீறல்களும், ஆலையின் பெயரையும் ஆண்டையும் தாங்கும் நீர்க்குறிகளும் அவ்வுழைப்பின் எஞ்சிய ஆவணங்கள். ஓவியத்தின் முகப்பை மட்டுமின்றி அதன் தாளையும் வாசிக்கும்போதே நீர்வண்ணக் கலையின் வரலாறு முழுமை பெறும் எனலாம்.