டிரஃபால்கர் சதுக்கத்தில் கழற்றப்படாத ஒரு தொப்பி

இலண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தின் மூலைகளில் நான்கு சிலைப் பீடங்கள் உள்ளன. மூன்றில் மன்னர் நான்காம் ஜார்ஜும் சார்லஸ் நேப்பியர், ஹென்றி ஹேவ்லாக் என்னும் படைத்தலைவர்களும் இடம்பெற்றுள்ளனர். நேப்பியர் 1843இல் சிந்துவைக் கைப்பற்றியவர். ஹேவ்லாக் 1857 கிளர்ச்சியை ஒடுக்கப் படை நடத்தியவர். நான்காம் பீடம் மன்னர் நான்காம் வில்லியத்தின் குதிரைச் சிலைக்காக எழுப்பப்பட்டது. நிதியின்மையால் வெறுமையாகவே நின்றது. 1999 முதல் அதில் தற்காலச் சிற்பங்கள் மாறிமாறி வைக்கப்படுகின்றன.

2022 செப்டம்பரில் அங்கே மலாவியில் பிறந்த கலைஞர் சாம்சன் கம்பாலுவின் 'ஆன்டிலோப்' திறக்கப்பட்டது. 1914ஆம் ஆண்டின் ஒளிப்படம் ஒன்றே அதன் மூலம். கறுப்பினப் போதகர் ஜான் சிலெம்ப்வேயும் வெள்ளையின மிஷனரி ஜான் சோர்லியும் தொப்பியணிந்து நிற்கின்றனர். வெள்ளையர் முன்னிலையில் ஆப்பிரிக்கர் தொப்பி அணியலாகாது என்பது அக்காலக் காலனியக் கட்டுப்பாடு. ஆகவே அத்தொப்பியே எதிர்ப்பாயிற்று. சிற்பத்தில் சிலெம்ப்வே பேருருவாகவும் சோர்லி இயல்பான அளவிலும் அமைந்துள்ளனர்.

ஐரோப்பியர் போரில் ஆப்பிரிக்கர் மடிவதைக் கண்டித்து எழுதிய சிலெம்ப்வே, தோட்டங்களில் நிலவாடகைக்கு ஈடாக உழைப்பைப் பறித்த 'தங்காட்டா' முறை நிலவிய நியாசாலாந்தில் 1915 ஜனவரியில் கிளர்ச்சிக்குத் தலைமையேற்றார். அடுத்த மாதமே சுட்டுக் கொல்லப்பட்டார்; அவர் கட்டிய தேவாலயம் இடிக்கப்பட்டது. இன்று ஜனவரி 15 மலாவியில் சிலெம்ப்வே நாள்.

தொப்பியின் பொருளை நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. ஊர்த்தெருவில் செருப்பைக் கையில் எடுத்து நடக்கவும், தோள்துண்டை இடுப்பில் கட்டவும் பணிக்கப்பட்டோரின் வழிவந்தவர்கள் நாம். உடை மீதான தடை துணியைப் பற்றியதன்று. யார் நிமிர்ந்து நிற்கலாம் என்பதைப் பற்றியது. அண்ணல் அம்பேத்கரின் கோட்டும் இவ்வாறே வாசிக்கப்பட வேண்டியது.

எனினும் ஒரு வேறுபாட்டை நாம் மறத்தலாகாது. சிலெம்ப்வே அப்பீடத்தில் நின்றது ஈராண்டுகளே. 2024இல் வேறொரு படைப்பு அவ்விடத்திற்கு வந்தது. ஹேவ்லாக் நிலையாக நிற்கிறார். வென்றவருக்கு நிலைத்த வெண்கலம், எதிர்த்தவருக்குத் தவணை இடம். தமிழ்நாட்டிலோ அம்பேத்கர் சிலைகள் பல இரும்புக் கூண்டுக்குள் நிற்கின்றன. சிலை எழுப்புதல் பாதிப் பணியே. கூண்டின்றி அது நிற்கக்கூடிய ஊரை உருவாக்குவதே மீதிப் பணி.