பாலைக் கரையில் ஒரு மிளகுப் பட்டினம்

நாஞ்சில் நாட்டுக் கடைகளில் ‘நல்லமிளகு’ என்று கேட்டால்தான் கருமிளகைக் கொடுப்பார்கள். மேற்கு மலைச் சரிவுகளில் மரம்பற்றி ஏறும் கொடியில் காய்க்கிற இச்சிறு மணிகள், 1999-ஆம் ஆண்டில் எகிப்து நாட்டுப் பாலைநிலத்தில் ஒரு சாடி நிறையக் கிடைத்தன. எடை ஏழரைக் கிலோ. கோயில் முற்றத்தில் புதைந்திருந்த அந்தச் சாடியும் இந்தியாவில் வனையப்பட்டதே. காலம் கி.பி. முதல் நூற்றாண்டு. இடம், செங்கடற்கரையிலுள்ள பெரெனிகே.

இந்நகரம் மிளகுக்காகத் தோன்றியதன்று, யானைக்காகத் தோன்றியது! கி.மு. 275-ஐ ஒட்டி, ஆப்பிரிக்கக் கரையிலிருந்து போர்யானைகளைக் கப்பலில் கொண்டுவந்து இறக்குவதற்காக இரண்டாம் தாலமி மன்னர் இதை அமைத்துத் தம் தாயின் பெயரைச் சூட்டினார். பின்னர் எகிப்து உரோமர் வசமாயிற்று. யானைத் துறை மிளகுத் துறையாக மாறியது.

பெரெனிகேயில் விளைச்சல் இல்லை. நல்ல குடிநீரும் இல்லை. ஏறத்தாழ 8 கி.மீ. தொலைவிலிருந்த கிணறுகளிலிருந்து தண்ணீர் வந்தது. இத்தகைய இடத்தில் துறைமுகம் எதற்கு? கப்பலை இன்னும் வடக்கே, சூயசு வரை செலுத்தியிருக்கலாமே என்று வாசகர்கள் கேட்கக்கூடும். செங்கடலின் வட பாதியில் ஆண்டில் பெரும்பகுதியும் வடகாற்று வீசுகிறது. பாய்மரக் கப்பல் அதை எதிர்த்து ஏறுவது பெரும்பாடு. ஆகவே சரக்கைத் தெற்கிலேயே இறக்கி, ஒட்டகங்களில் ஏற்றினார்கள். நைல் ஆற்றங்கரைக் கோப்டோசு நகருக்கு ஏறத்தாழ 380 கி.மீ.; பன்னிரண்டு நாள் வழி. வெப்பத்துக்கு அஞ்சிப் பெரும்பாலும் இரவில் நடந்தனர். அங்கிருந்து படகில் அலெக்சாந்திரியா.

கடலில் உதவியது நம் பருவக்காற்று. கோடையில் ஆசிய நிலப்பரப்பு சூடேற, அங்குள்ள காற்று இலேசாகி மேலெழும்புகிறது. அவ்விடத்தை நிரப்பக் கடற்காற்று தென்மேற்கிலிருந்து விரைகிறது. நமக்குச் சாரலைக் கொண்டுவரும் அதே காற்றுதான். ஜூலையில் புறப்பட்ட கப்பல்கள், செங்கடல் வாயிலைக் கடந்தபின் சுமார் 40 நாட்களில் முசிறியை அடையும் என்கிறார் பிளினி. திசை மாறியதும், டிசம்பரை ஒட்டித் திரும்புவார்கள். இவ்வழியை விவரிக்கும் கிரேக்க மாலுமிக் கையேடான ‘பெரிப்ளூஸ்’ குமரித் துறையையும் குறிப்பிடுகிறது. தாலமி என்ற புவியியல் அறிஞர் கூறும் ‘கோட்டியாரா’ நம் கோட்டாறே என்பர் பலர். (இவர் வேறு தாலமி, யானை மன்னர் அல்லர்.)

சரக்கு மட்டும் போகவில்லை, ஆட்களும் போனார்கள். பெரெனிகேயில் 1995-இல் கிடைத்த உரோமானியச் சாடியின் ஓடொன்றில் தமிழ் பிராமி எழுத்துகள் இருந்தன. கொற்றன் என்ற பெயரை அதில் கண்டு சொன்னவர் ஐராவதம் மகாதேவன். வடக்கே இருந்த மற்றொரு துறைமுகத்தில் ‘பானை ஒறி’ என்று எழுதிய ஓடு கிடைத்தது. நம் வீட்டு உறிதான்! அரசர் புகழ் பாடும் கல்வெட்டுகளைவிட இந்த ஓட்டுத்துண்டு எனக்கு நெருக்கமாகத் தோன்றுகிறது.

இந்நகரின் வீழ்ச்சியில் பெரும்போர் எதுவும் இல்லை. கி.மு. மூன்றாம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஒருமுறை கிணறு வற்றி ஊர் காலியானது. எங்கோ வெடித்த எரிமலையால் மழை பொய்த்திருக்கலாம் என்கிறது 2021-இல் வெளியான ஓர் ஆய்வு. அதிலிருந்து மீண்டது. கி.பி. மூன்றாம் நூற்றாண்டில் மீண்டும் தளர்ந்தது. நான்காம் நூற்றாண்டில் மறுபடி எழுந்தது. அப்போது பவளப்பாறைக் கட்டிகளால் வீடுகள் கட்டினார்கள். பழைய தேக்கு மரங்களைச் சுவர்களில் செருகினார்கள். ஆனால் காட்டாற்று வெள்ளமும் காற்றும் கொண்டுவந்த மணல் துறைமுகத்தைத் தூர்த்துக்கொண்டே இருந்தது. வாணிகமோ அக்சூம் நாட்டின் அதூலிசு போன்ற துறைகளின் பக்கம் சாய்ந்தது. ஆறாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் கடைசிக் குடியும் வெளியேறிவிட்டது.

1818-இல் பெல்சோனி என்னும் இத்தாலியர் இவ்விடத்தைக் கண்டுபிடித்தபோது மண்வெட்டி கொண்டுவரவில்லை. ஒரு சிறுவனிடம் பெரிய கடற்சிப்பியைக் கொடுத்துக் கோயில் மணலை அள்ளச் செய்தார்.