ரேவ் களத்துக்குத் திரும்பிய பிராடிஜி

இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியிலுள்ள பிரெயின்ட்ரீ என்னும் சிற்றூரில் 1990ஆம் ஆண்டு உருவான தி பிராடிஜி இசைக்குழு, தனது ஐந்தாவது இசைத்தொகுப்பாகிய ‘இன்வேடர்ஸ் மஸ்ட் டை’யை 2009 பிப்ரவரியில் வெளியிட்டபோது, அதன் உறுப்பினர் மூவரும் நாற்பதை ஒட்டிய வயதினராக இருந்தனர். இளைஞரின் உடல்வேகத்தையே மூலதனமாகக் கொண்ட மின்னணு நடன இசையில், பெரும்பாலான மூத்த குழுக்கள் இவ்வயதில் நிதானத்தை நாடிய நிலையில், இக்குழு முன்னிலும் உரத்த, இடைவெளியற்ற ஆட்ட இசையைத் தந்து பிரித்தானிய விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது. அந்த வேகம் எங்கிருந்து வந்தது என்பதற்கான விடை, குழு பிறந்த ரேவ் என்னும் வழக்கத்தின் வரலாற்றில்தான் இருக்கிறது.

சிகாகோவின் ஹவுஸ் இசையும் டெட்ராய்ட்டின் டெக்னோ இசையும் 1980களின் பிற்பகுதியில் இங்கிலாந்தை அடைந்தபோது, கைவிடப்பட்ட கிடங்குகளிலும் திறந்த வயல்களிலும் உரிமம் பெறாமல் கூடி விடியும்வரை ஆடும் வழக்கம் இளைஞரிடையே பரவியது. இக்கூட்டங்களே ரேவ் எனப்பட்டன. லண்டனைச் சுற்றிச் செல்லும் எம்-25 நெடுஞ்சாலையை ஒட்டிய இடங்கள் இதற்குப் பெயர்பெற்றன. காவலரைத் தவிர்க்கும்பொருட்டு, கூடுமிடம் கடைசி நேரத்தில்தான் தொலைபேசி வழியாக அறிவிக்கப்பட்டது. உரிமமின்றிக் கேளிக்கை நடத்துவோருக்கு 20,000 பவுண்டு வரை அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும் விதிக்க 1990இல் வந்த சட்டம் வழிசெய்தது. 1992 மே மாதம் காசில்மார்ட்டன் பொதுவெளியில் 20,000 பேருக்கு மேல் திரண்டு பல நாள் தங்கி ஆடியதன் எதிர்விளைவாக, 1994ஆம் ஆண்டின் குற்றவியல் நீதிச் சட்டம் 100 பேரோ அதற்கு மேற்பட்டோரோ திறந்தவெளியில் இரவில் உரத்த இசையோடு கூடுவதைக் கலைக்கும் அதிகாரத்தைக் காவல்துறைக்கு அளித்தது. திரும்பத்திரும்ப ஒலிக்கும் தட்டுகளைக் கொண்ட ஒலியும் இசையில் அடங்கும் என அச்சட்டம் வரையறுத்தது. ஒரு நாடாளுமன்றம் தாளத்துக்கு இலக்கணம் வகுக்க முற்பட்டது வரலாற்றில் அரிதாகவே நிகழ்ந்திருக்கும்.

குழுவின் இசையமைப்பாளரான லியம் ஹௌலெட் ஹிப்-ஹாப் டிஜேயாகத் தொடங்கியவர். பழைய இசைத்தட்டுகளில் மேளம் மட்டும் தனித்து ஒலிக்கும் பகுதியாகிய பிரேக்பீட்டை வெட்டியெடுத்து, அதன் ஓட்டத்தைக் கூட்டி, மேலே சின்தசைசர் ஒலிகளை அடுக்குவது அவர் முறையாயிற்று. பிற பதிவுகளிலிருந்து ஒலித்துணுக்குகளை எடுத்தாளும் இச்செயல் சாம்ப்ளிங் எனப்படும். தொடக்கத்தில் ரோலண்டு டபிள்யூ-30 என்னும் விசைப்பலகைக் கருவியில் இவ்வேலையின் பெரும்பகுதியை அவர் செய்துவந்தார். லண்டனின் டால்ஸ்டன் பகுதியிலிருந்த ஃபோர் ஏசஸ் மன்றத்தில் முதன்முதலில் மேடையேறிய குழு, 1991இல் ‘சார்லி’ பாடலால் விற்பனைப் பட்டியலின் மூன்றாம் இடத்தை எட்டியது. 1994இல் வந்த இரண்டாம் தொகுப்பு அவ்வாண்டின் குற்றவியல் நீதிச் சட்டத்துக்கான எதிர்ப்பாகவே வாசிக்கப்பட்டது. ஆட்டக்காரராக இருந்த கீத் ஃபிளின்ட் 1996இல் ‘ஃபயர்ஸ்டார்ட்டர்’ பாடலின் குரலாக மாறியதும், 1997இன் மூன்றாம் தொகுப்பு பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் முதலிடம் பெற்றதும் பலர் அறிந்தவை.

அதன் பின் வந்த ஏழாண்டு இடைவெளியும் 2004ஆம் ஆண்டின் நான்காம் தொகுப்பும்தான் 2009இன் வேகத்தை விளக்குகின்றன. ஹௌலெட் பெரும்பாலும் மடிக்கணினியில் தனித்து உருவாக்கிய அத்தொகுப்பில் ஃபிளின்ட்டின் குரலும் இல்லை, மேடையில் கூட்டத்தைத் தூண்டும் எம்சியாகிய மாக்சிமின் குரலும் இல்லை. விற்பனையில் அது முதலிடம் பெற்றாலும், மேடையையும் கூட்டத்தையும் நம்பி வளர்ந்த குழுவுக்கு அது அந்நியமான வேலைமுறையே. மூவரும் மீண்டும் ஒன்றுகூடி உருவாக்கிய அடுத்த தொகுப்பு, நீண்டகாலம் சார்ந்திருந்த எக்ஸ்எல் இசைவெளியீட்டு நிறுவனத்தை விட்டு, ‘டேக் மீ டு தி ஹாஸ்பிட்டல்’ என்ற தங்கள் சொந்த வெளியீட்டுப் பெயரில் வெளிவந்தது. ‘ஓமன்’ பாடலின் கூவும் சின்தசைசர் வரிசையும், பழைய டெட்ராய்ட் பதிவொன்றிலிருந்து பெண் குரலை எடுத்தாண்ட ‘வாரியர்ஸ் டான்ஸ்’ பாடலும் 1991ஆம் ஆண்டின் கிடங்குகளை நேரடியாக நினைவூட்டுகின்றன. நிர்வாணா குழுவின் முன்னாள் மேளக்காரர் டேவ் குரோல் வாசித்த ‘ரன் வித் தி வுல்வ்ஸ்’ பாடலோ ராக் இசையின் கனத்தைச் சேர்க்கிறது. பழையதைப் புதுப்பித்துத் தந்ததாக விமர்சகர் சிலர் குறைகண்டனர். அக்குறையில் உண்மை உண்டு. ஆயினும் சட்டத்தால் கலைக்கப்பட்ட ஒரு கூடுகை வழக்கத்தின் ஒலியை, அதை உருவாக்கியவர்களே மீட்டெடுப்பதை வெறும் பழமை ஏக்கம் என ஒதுக்குவது பொருந்தாது. பாடல்கள் கேட்பதற்கென்பதைவிட மேடையில் இயக்குவதற்கென்றே கட்டப்பட்டவை என்பதை, 2010 ஜூலையில் மில்டன் கீன்ஸ் திறந்தவெளி அரங்கில் பல்லாயிரவர் கூடிய நிகழ்ச்சி காட்டியது.

2015இல் வந்த ஆறாம் தொகுப்பு இன்னும் கடுமையாக ஒலித்தது. 2018 நவம்பரில் வெளியான ஏழாவது தொகுப்பாகிய ‘நோ டூரிஸ்ட்ஸ்’ அட்டையில் லண்டன் பேருந்து ஒன்று இடம்பெற்றது; அதன் பெயர்ப்பலகையில், தொடக்கக்கால மேடையான ஃபோர் ஏசஸின் பெயர் எழுதப்பட்டிருந்தது. பிரிட்டனில் தொடர்ச்சியாக முதலிடம் பெற்ற ஆறாவது ஸ்டுடியோத் தொகுப்பு அது. நான்கு மாதங்களுக்குப் பின், 2019 மார்ச் 4 அன்று, கீத் ஃபிளின்ட் 49ஆம் வயதில் எசெக்ஸில் காலமானார். 2022 முதல் ஹௌலெட்டும் மாக்சிமும் அவர் இடத்தில் வேறொருவரை நிறுத்தாமலேயே மேடையேறி வருகின்றனர்.