லேத் கேரேஜ் நிறுத்தி

கேரேஜ் நிறுத்தி என்பது கடைசல் எந்திரத்தின் (லேத்) பெட் மீது இறுக்கிப் பொருத்தப்படும் சிறு உலோகக் கட்டையாகும். உளியைச் சுமந்து வரும் கேரேஜ் இதில் முட்டி நிற்பதால், எத்தனை உருப்படி கடைந்தாலும் நீளம் மாறாது. சுழலும் சக்கின் தாடைகளில் உளி மோதாமலும் இது காக்கிறது.

நீளத்தை முளையடித்துக் கட்டிப்போடும் எண்ணம் பழையது. மேலப்பாளையம் போன்ற நெசவூர்களில் கைத்தறிக்குப் பாவு ஓட்டுவோர் அறிந்ததுதான் அது. முளை அசையாதவரை இழைகள் எல்லாம் ஒரே நீளத்தில் அமையும். அதே தாமிரபரணிக் கரையில், அம்பாசமுத்திரத்தில் மரச் செப்புச் சாமான் கடைபவர்களுக்கு முளை கிடையாது. உளியைக் கையில் பிடித்துக் கண்ணளவில் நிறுத்துவர். விளையாட்டுக் குடம் ஒன்றுக்கொன்று நூலளவு வேறுபட்டால் யாருக்கும் நட்டமில்லை. பூட்டுக்கும் கப்பலுக்கும் அந்தச் சலுகை இல்லை.

இங்கிலாந்தில் ஜோசப் பிராமாவின் பூட்டுப் பட்டறையில் வேலை பார்த்தவர் ஹென்றி மாட்ஸ்லே (1771-1831). 1800-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர் உருவாக்கிய திருகு வெட்டும் லேத்தில், சறுக்கு தாங்கி ஒன்று உளியைப் பிடித்துக்கொண்டது. பிரான்சில் வோகான்சன் அரை நூற்றாண்டுக்கு முன்பே இத்தகைய தாங்கியைச் செய்திருந்தார். பெயர் மட்டும் மாட்ஸ்லேக்குப் போய்ச் சேர்ந்தது. போர்ட்ஸ்மவுத் கடற்படைத் தளத்துக்கு மார்க் புரூனல் வடிவமைத்த கப்பி எந்திரங்களையும் மாட்ஸ்லேதான் செய்து கொடுத்தார். 1808-இல் அங்கு ஆண்டுக்கு சுமார் 1,30,000 கப்பிகள் தயாராயின. முன்பு 110 தேர்ந்த தொழிலாளர் செய்த வேலையை 10 பேர் செய்தனர். மீதி நூறு பேரின் கைத்திறன் எந்திரத்துக்குள் போய்விட்டது என்றே சொல்ல வேண்டும்.

ஆயினும் சாதாரண லேத்தில் எங்கே நிற்பது என்ற தீர்மானம் கைப்பிடியைச் சுழற்றுபவரிடமே தங்கியது. 1845-இல் அமெரிக்கரான ஸ்டீபன் பிட்ச் பல உளிகளை ஒரே சுழல் தலையில் பொருத்தினார். இவ்வகை டரட் லேத்களில் பின்னர் ஒவ்வோர் உளிக்கும் தனித்தனி நிறுத்தி வந்தது. 1873-இல் கிறிஸ்டோபர் ஸ்பென்சர் காப்புரிமை பெற்ற தானியங்கித் திருகு எந்திரத்தில், உளியின் போக்குவரத்தை உருளையில் பொருத்திய கேம்களே நடத்தின.

வீட்டுப் பட்டறைக்காரர்களின் கதை வேறு. 1898-இல் லண்டனில் பெர்சிவல் மார்ஷல் தொடங்கிய ‘மாடல் எஞ்சினியர்’ இதழ், துணைக்கருவிகளைத் தாமே செய்துகொள்ளும் பழக்கத்தை வளர்த்தது. இந்தியாவில் 1953-இல் பெங்களூரில் எச்.எம்.டி. தொடங்கப்பட்டது, கோயம்புத்தூரில் பி.எஸ்.ஜி. லேத்கள் உருவாயின. அவை தொழிற்சாலைக்கும் தொழிற்பயிற்சிக்கும் உரிய பெரிய எந்திரங்கள். இப்போது வீடுகளுக்கு வரும் மினி லேத்துடன் நிறுத்தி பெரும்பாலும் சேர்ந்து வருவதில்லை. பெட்டின் வடிவம் எந்திரத்துக்கு எந்திரம் மாறுவதால், கடையில் வாங்குவது பொருந்தும் என்ற உறுதியும் இல்லை.

கட்டைக்கு வார்ப்பிரும்பு அல்லது மைல்ட் ஸ்டீல் போதும். அடிப்பக்கத்தில் பெட்டின் ‘வி’ விளிம்புக்கு ஏற்ற பள்ளம் வெட்ட வேண்டும். மில்லிங் வசதி இல்லாதவர்கள் அரத்தால் ராவி, பெட்டில் நீலச் சாயம் பூசிப் பார்த்து, சாயம் ஒட்டும் மேடுகளை மட்டும் மீண்டும் ராவுவர். பொறுமை வேண்டிய வேலை இது ஒன்றுதான். கீழிருந்து ஒரு தகடும் போல்ட்டும் கட்டையை இறுக்கும்.

நுண்ணளவு வேண்டுமானால் கட்டையின் ஊடே 1 மி.மீ. புரியிடைத் திருகு செலுத்தி, அதன் தலையில் 50 கோடுகள் கொண்ட வளையம் பொருத்துவர். ஒரு கோடு நகர்ந்தால் 0.02 மி.மீ. அந்தக் கோடுகளையும் அதே லேத்திலேயே கீறலாம். ஸ்பிண்டிலின் பின்முனையில் 50 பல் சக்கரத்தை மாட்டி, பல் பல்லாகத் தடுத்து நிறுத்தி, சுழலாத வளையத்தின் மீது கூருளியைக் கேரேஜால் நகர்த்தினால் கோடு விழும். கோடுகள் ஒரே நீளத்தில் அமைய அங்கே ஒரு தற்காலிக நிறுத்தி தேவைப்படுவதுதான் வேடிக்கை.

தானியங்கி ஊட்டத்தில் கேரேஜை இதன்மேல் மோதவிடக் கூடாது. கட்டை நழுவும், அல்லது பற்சக்கரம் உடையும். சற்று முன்பே ஊட்டத்தை விடுவித்து, கடைசி மில்லிமீட்டரைக் கையால் நகர்த்துவதே முறை. முட்டும் முனையைச் சிறிதாகவும் உருண்டையாகவும் வைப்பர். தட்டையான முகமானால் இடையில் சிக்கும் ஒரு சீவல் சுருளே அளவைக் கெடுத்துவிடும்.