யாருடைய வாசிப்பு, யாருடைய அளவுகோல்?

1822-இல் கவர்னர் தாமஸ் மன்றோ கலெக்டர்களிடம் பள்ளிக்கூடக் கணக்கு கேட்டார். விழுப்புரம், திண்டிவனம் அடங்கிய தென்னார்க்காடும் கணக்கு அனுப்பியது. மாகாணத்தில் 12,498 பள்ளிகள் என்றார் மன்றோ, 1826-இல். 1983-இல் தரம்பால் அந்த அட்டவணைகளைத் தொகுத்தபோது, சூத்திரப் பிள்ளைகள் பெருமளவில் படித்தது தெரியவந்தது. இதை மறுக்கவில்லை. நான் பார்ப்பது இன்னொரு பத்தியை. பிராமணர், வைசியர், சூத்திரர், முஸ்லிம் என்று பெயர் சொல்லி எண்ணியவர்கள், மிச்சப் பேரை 'பிற சாதியினர்' என்று ஒன்றாக அள்ளிப் போட்டார்கள். சேரிப் பிள்ளை திண்ணைமேல் உட்கார்ந்ததா, தெருவிலேயே நின்றதா? அந்தப் பத்தி சொல்லாது.

1860களில் அளவுகோல் மாறியது. இன்ஸ்பெக்டர் முன் பிள்ளை வாசித்துத் தேறினால்தான் மானியம். இங்கிலாந்தில் 1862-இல் வந்த முறை இது. தலைக்கு இவ்வளவு என்று காசு கட்டினால் வாத்தியார் என்ன செய்வார்? மனப்பாடம் பண்ண வைப்பார். வாசிப்பு ஒப்பித்தலாகிப் போச்சு.

2005 முதல் 'அசர்' ஆய்வு கிராமங்களில் வீடுவீடாகப் போய் வாசிக்கச் சொல்கிறது. தமிழகத்தில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசித்த மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் 2018-இல் 10.2 சதவீதம், 2022-இல் 4.8. அரசு, தனியார் என்று பிரிக்கும் அறிக்கை, சாதியால் பிரித்துக் காட்டுவதில்லை. அன்று 'பிற', இன்று அதுவும் இல்லை.

தோழர்கள் இந்தப் பக்கம் கணக்கெடுக்கப் போனால், எத்தனை பேர் வாசித்தார்கள் என்பதோடு நிறுத்தாதீர்கள். எந்தத் தெருப் பிள்ளை, கையில் என்ன புத்தகம், இதையும் கேளுங்க.